பிள்ளை வாசிக்கிறது, யார் கேட்கிறார்கள்?

(புதுக்கோட்டை மாவட்டக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் ஆசிரியர் பயிற்சிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் பெற்றோர்கள், வாசகர் வட்டத்துப் பெரியவர்கள் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைப் பேச வேண்டும் என்று நினைத்து வந்தேன்.

நூலகர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கல்வி’. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் பேச வேண்டிய அளவுக்குப் பெரிய தலைப்பு. நான் ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் வாழ்ந்தவள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் அந்தக் காலம்தான். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் சொல்ல வந்தது இதுதான்: நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிள்ளை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேட்க ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தும் வாசிக்கத் தெரியவில்லையே என்று நாம் அடிக்கடி வருத்தப்படுகிறோமே, அதற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏதாவது ஒரு தொடக்கப்பள்ளிக்குப் பக்கமாக நடந்து போங்கள். ஆசிரியர் ஒரு வரி சொல்வார், வகுப்பு அதைத் திருப்பிச் சொல்லும். கேட்பதற்கு நன்றாக இருக்கும். தெருவில் போகிறவர்கள் ‘பள்ளிக்கூடம் நடக்கிறது’ என்று திருப்தியோடு போவார்கள். அந்தக் கூட்டுக் குரலுக்குள் நாலைந்து பிள்ளைகள் கூட்டத்தோடு கோவிந்தா போட்டுக்கொண்டிருக்கும். வாய் அசையும், குரலும் வரும், கண் மட்டும் புத்தகத்தில் இருக்காது. முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு அது தெரிய வழியே இல்லை. முப்பது பிள்ளைகளும் சேர்ந்து சொன்னால் கேட்பது ஒரே குரல்தான்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை படித்தாள். பாடத்தை எடுத்து வாசி என்றால் கணீரென்று வாசிப்பாள். ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருக்கும். ஒருநாள் அவளைப் பாயில் என் பக்கத்தில் உட்கார வைத்து, விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். வாய் ஐந்தாவது வரியில் இருந்தது, விரல் மூன்றாவது வரியில் ஊர்ந்துகொண்டிருந்தது. பாடம் முடிந்தபோது விரல் பக்கத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு விரலைச் சட்டென்று கடைசி வரிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அவ்வளவு பாடத்தையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள்! எவ்வளவு கூர்மையான பிள்ளை என்று எனக்கு மலைப்பாக இருந்தது. தனக்கு எழுத்து தெரியாது என்பதை மறைத்துக்கொள்ள அவள் செலவிட்ட அறிவில் கால்வாசி போதும், எழுத்தைக் கற்றுக்கொண்டிருப்பாள். அவளைக் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் நுணுக்கமாகவே சொல்கிறேன். தமிழ் எழுத்து 247 என்று எல்லோரும் சொல்வோம். மலைக்கத் தேவையில்லை. உயிரும் மெய்யும் தெரிந்து, கால், கொம்பு, விசிறி, சுழி எல்லாம் எங்கே ஒட்டும் என்று பிடிபட்டுவிட்டால் மீதி தானாக வந்துவிடும். ஒருகாலத்தில் நம் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் அ, ஆ என்று தொடங்காமல் ட, ப, ம என்று தொடங்கியது. எழுத வளைவு குறைவு, உடனே படம், பட்டம், மடம் என்று சொல்லும் கிடைத்துவிடும். யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடு அது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பெரியார் 1935இலேயே குடிஅரசில் புழங்கத் தொடங்கிய வடிவங்களை, அவருடைய நூற்றாண்டு நேரத்தில் அரசு ஏற்றுக்கொண்டது. றா, ணா, னா, லை, ணை, னை என்று மொத்தம் 13 எழுத்துகள் மாறின. அதற்கு முன் ‘லை’ எழுதத் துதிக்கை மாதிரி ஒரு தனி வடிவம் இருந்தது. இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்த 13 எழுத்துகளும் மற்றவற்றின் வழிக்கு வந்ததால் எத்தனை லட்சம் பிள்ளைகளுக்கு ஒரு தடை குறைந்தது என்று நினைக்கையில் இப்போதும் எனக்கு மகிழ்ச்சி.

ஆனாலும் சிக்கல் மிச்சம் இருக்கிறது. கொடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால். வாய்க்கோ முதலில் வருவது ‘க்’, அதன்பின் ‘ஒ’. கண் போகும் வரிசை ஒன்று, வாய் போகும் வரிசை வேறு. கொம்பையும் எழுத்தையும் பார்த்தவுடன் ‘கெ’ என்று சொல்லிவிட்டு, எதிரே வரும் காலை என்ன செய்வது என்று தெரியாமல் அதைத் தாண்டிப் போய்விடும் பிள்ளைகள் ஏராளம். ‘கெடி’ என்று வாசிப்பார்கள். கௌதாரியில் வரும் ஔகாரக் குறியைத் தனி ளகரமாக்கிக் ‘கெளதாரி’ என்பார்கள். உகர வரிசை எல்லாவற்றிலும் கடினம். கு, மு, ரு ஒரு மாதிரி சுழியும், சு, பு, வு இன்னொரு மாதிரி கீழே இறங்கும், து, நு, லு வேறு மாதிரி வரும். ஒரே ஒலிக்கு இத்தனை வடிவம்.

இந்தப் பிள்ளைக்கு ஒகரத்தில் இடிக்கிறதா, உகரத்தில் இடிக்கிறதா என்பது சேர்ந்து வாசிக்கும்போது ஒருநாளும் தெரியாது. நாடி பிடித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே கஷாயம் கொடுப்பது போலத்தான், முப்பது பேருக்கும் ‘அம்மாவிலிருந்து ஆரம்பி’ என்பது. ஒகரம் மட்டும் தெரியாத பிள்ளைக்கு நான்கு நாள் வேலைதான் பாக்கி. அவனைக் கொண்டுபோய் அகரத்தில் உட்கார வைத்தால் அவனுக்கு அவமானம், நமக்கு ஒரு வருடம் வீண்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தப்பெல்லாம் தப்பு அல்ல. புத்தகத்தில் ‘அவர்கள் வந்தார்கள்’ என்று இருக்கிறது. பையன் ‘அவங்க வந்தாங்க’ என்று வாசிக்கிறான். ‘நீர் குடித்தது’ என்ற இடத்தில் ‘தண்ணி குடிச்சுச்சு’ என்கிறான். பல ஆசிரியர்கள் உடனே நிறுத்தித் திருத்துவார்கள். நான் அந்த இடத்தில் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். ஏனென்றால் அவன் எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வீட்டுப் பேச்சில் அதைச் சொல்லிவிட்டான். வாசிப்பு என்றால் அதுதான். இன்னொரு பையன் ‘மரத்தில் குரங்கு இருந்தது’ என்பதை ‘மரத்தில் குறுக்கு இருந்தது’ என்று வாசித்துவிட்டு, நிற்காமல் அடுத்த வரிக்குப் போவான். அவனிடம்தான் நிற்க வேண்டும். மரத்தில் குறுக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வி அவனுக்கு வரவில்லை. புத்தகத்தில் எழுதியிருப்பது அர்த்தம் உள்ளதாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பே அவனிடம் இல்லை. முதல் பையனை ‘புத்தகத் தமிழில் வாசி’ என்று அதட்டிக்கொண்டே இருந்தால் அவனும் இரண்டாவது பையன் மாதிரி ஆகிவிடுவான். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் நம் மொழியில், இந்த வேறுபாட்டைக் காதால் பிரித்தறியத் தெரிந்தவர்தான் ஒன்றாம் வகுப்புக்கு ஏற்ற ஆசிரியர் என்பேன். வீட்டுப் பேச்சோடு வாசிக்கும் பிள்ளை மூன்றாம் வகுப்புக்குள் தானாகவே புத்தக நடைக்கு வந்துவிடும், அவசரப்பட வேண்டாம்.

நம் ஊரில் இப்படி ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்கும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இன்றைய அர்த்தத்தில் வகுப்பு கிடையாது. சேருகிற பிள்ளை மணலில் விரலால் எழுதத் தொடங்கும். பக்கத்தில் இருப்பவன் எண்சுவடியில் இருப்பான், அதற்கடுத்தவன் நிகண்டில் இருப்பான். ஒவ்வொருவனும் தன் பாடத்தை வந்து சொல்ல வேண்டும், ஆசிரியர் கேட்டபிறகுதான் அடுத்த பாடம். அவருக்கு நேரமில்லையென்றால் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை கேட்பான். 1822இல் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாவட்டக் கலெக்டர்கள் எல்லோரிடமும் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிவைத்த குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று இருக்கிறது. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். அந்த மாணவர்களில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தத் திண்ணையில் ஏற நம்மில் பெரும்பாலோருடைய பாட்டன் பாட்டிகளுக்கு இடமில்லை. ஏறினவர்களுக்கும் பிரம்படி, கோதண்டம் என்று கொடுமையான தண்டனைகள் இருந்தன. நான் அங்கிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்தான். தனித்தனியாகக் கேட்ட அந்தக் காது மட்டும் போதும்.

அந்தச் சட்டாம்பிள்ளை வழக்கம் கடல் கடந்து போன கதை தெரியுமா? ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளிக்குப் பொறுப்பாளரானார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அவருடைய ஆசிரியர்கள் உடன்படவில்லை. எட்டு வயதான ஜான் ஃப்ரிஸ்கன் என்ற மாணவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். பெல் 1796இல் ஊர் திரும்பி, அடுத்த வருடம் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். மாணவனை வைத்து மாணவனுக்குச் சொல்லித்தரும் அந்த முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அது பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளி இன்றைக்கும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரோடு நடக்கிறது. நமக்குப் பெருமைதான். ஆனால் அங்கே அந்த முறை பிடித்துப்போன காரணத்தைப் பாருங்கள். ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனம்தான் அவர்களை இழுத்தது. சட்டாம்பிள்ளை சம்பளம் கேட்கமாட்டான். ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்க இது வழி என்று அரசுகள் கண்டுகொண்டது அன்றைக்குத்தான் என்பது என் கருத்து. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். அதை நான் மதிக்கிறேன். அதன்படி தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். முப்பதுக்கு ஒருவர் என்று தாளில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். இந்த மாவட்டத்தில் இப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளிகள் எத்தனை என்று உங்கள் ஊரையும் பக்கத்து ஊரையும் நினைத்துப் பார்த்தாலே தெரியும். எந்தப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது?

அதனால்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுதும் வந்த செயல்வழிக் கற்றலை நான் மனதார வரவேற்றேன். ஆந்திராவில் ரிஷி பள்ளத்தாக்குக் கிராமப் பள்ளிகளில் உருவான முறையின் வழியில் வந்தது அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் கீழே உட்கார்ந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் தாழ்வாகக் கரும்பலகை, தன் வேகத்தில் ஏறிப் போக ஏணிப்படி, எடுத்துப் படிக்க அட்டை. நாற்காலியை விட்டு ஆசிரியர் இறங்கியதே பெரிய மாற்றம். அட்டை கிழிந்தால் புது அட்டை வருவதற்கு மாதக்கணக்கானது, பதிவேடுகள் பெருகின, அட்டையை மாற்றிவிட்டால் படித்ததாக அர்த்தம் என்ற மனப்போக்கும் சில இடங்களில் வந்தது. இப்போது அந்த முறை போய்விட்டது. அதைத் திட்டியவர்கள் எல்லோரும் பாயில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தபோது இரண்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளைகளைக் கைதூக்கிவிட்டதில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் தன்னார்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சாயங்காலம் கோயில் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் இருபது பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்த இளம்பெண்கள் அவர்கள். பக்கத்து வீட்டு அக்கா என்பதால் பிள்ளைகள் பயமில்லாமல் வாசித்தார்கள். தப்பு வந்தால் சிரித்தார்கள், மறுபடி வாசித்தார்கள். அடுத்த ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பாடம் சொல்வது அதன் அடிப்படை. நல்ல யோசனை. ஆனால் ஒரு பிள்ளை அரும்பா மொட்டா என்று எப்படித் தீர்மானிப்பது? அதற்கும் அந்தப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டாக வேண்டும். கைபேசியில் கல்வித்துறையின் எமிஸ் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் கேட்க முடியாது. வருகைப்பதிவு, எடை உயரம், காலணி அளவு, நலத்திட்டப் பட்டியல் எல்லாம் வகுப்பு நேரத்தைத்தான் தின்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் பதிவு வேலைக்கென்று ஓர் ஆள் போடுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்கும்போது அதைச் சலுகை கேட்பதாக நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் நேரத்தைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.

சரி, இருக்கிற நிலைமையில் என்ன செய்யலாம்? பயிற்சிப் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் பலித்ததைச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். ஒருநாளைக்கு ஆறு பிள்ளைகள் என்றால் வாரத்தில் முப்பது பேரும் முடிந்துவிடும். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் அது பரீட்சை ஆகிவிடும். படித்த பாடத்தைக் கொடுக்காதீர்கள், பார்க்காத பக்கத்தைக் கொடுங்கள். பிள்ளை தடுமாறினால் உடனே சொல்லிக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பாதி இடங்களில் தானே சரிசெய்துகொள்ளும், அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! வாசித்து முடித்ததும் ஒரே ஒரு பிழையை எடுத்துச் சொல்லுங்கள், மற்றதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ‘அப்புறம் அந்த நரி என்னடா ஆச்சு?’ என்று கேளுங்கள். பிள்ளை கதை சொன்னால் வாசித்திருக்கிறது என்று அர்த்தம். புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு வாசிக்கிற பிள்ளையைக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தலையை ஒருபக்கம் சாய்த்தே கேட்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளை கண்ணாடி போட்டதும் மளமளவென்று வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறுவருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளைகள் முன்னைவிடச் சீக்கிரமாகப் பள்ளிக்கு வருகிறார்கள். பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, காலை வழிபாட்டு மணி அடிக்கும்வரை இருபது நிமிடமாவது கிடைக்கும். வயிறு நிறைந்த பிள்ளை, வெயில் ஏறாத வராண்டா. ஆறு பிள்ளைகளைக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எனக்கே எழுத்து தெரியாது டீச்சர், நான் எங்கே சொல்லிக் கொடுக்க?’ என்று தாய்மார்கள் சொல்வார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேளுங்கள். அரிசி புடைத்துக்கொண்டோ பூக் கட்டிக்கொண்டோ ‘வாசிடா, என்ன கதைன்னு பாப்போம்’ என்று சொல்லுங்கள். 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது இந்த மாவட்டத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு எழுதப் படிக்கக் கற்க வந்தார்கள். உங்கள் அம்மாக்களில் பலர் அதில் இருந்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தன் பெயரைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்த நாளில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைக்கூட மறந்திருக்கமாட்டார்கள்.

கடைசியாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுக் கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இன்னொன்றையும் சேருங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து பிள்ளைகளை அழையுங்கள், ஆசிரியர் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் வேண்டாம், வருகைப்பதிவேட்டில் வரிசையாக வருகிற ஐந்து பேர் வரட்டும். ஒரு குழு உறுப்பினரோடு ஒரு பிள்ளை, தனித்தனியாக ஒவ்வொரு மூலையில் உட்கார்ந்து, இந்த நூலகத்திலிருந்து எடுத்துப்போன கதைப்புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கட்டும். யாரும் மதிப்பெண் போட வேண்டாம். கேட்டுவிட்டு, எங்கே இடிக்கிறது என்பதை ஆசிரியரோடு பேசுங்கள். புத்தகங்களை எடுத்துக் கொடுக்க நூலகர் சம்மதித்திருக்கிறார். பெயர் கொடுக்க விரும்பும் ஊர்க்காரர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.